ஜனவரியில் கப்பல் பயணம்: கரீபியனா, சிங்கப்பூரா, வளைகுடாவா?

காசாளர்_63 | கும்பகோணம் | ஆகஸ்ட் 9, காலை 7:12

எல்லோருக்கும் வணக்கம். முப்பத்தாறு வருடம் வங்கியில் குப்பை கொட்டிவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். வரும் தை மாதம் எங்களுக்கு 35வது கல்யாண நாள். ஒரு தடவையாவது பெரிய கப்பலில் ஏறிவிட வேண்டும் என்பது வீட்டம்மாவுக்கு வெகுநாள் ஆசை.

பையன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். பேரனைப் பார்க்க டிசம்பரில் எப்படியும் போகிறோம். மருமகளின் பிரசவத்துக்காக எடுத்த பத்து வருட விசா இருக்கிறது. "அங்கிருந்தே கரீபியன் போய்விடுங்கள்" என்கிறான் பையன். "பக்கத்தில் சிங்கப்பூரை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு, அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு போகலாம்" என்கிறார் என் மைத்துனர். இங்குள்ள டிராவல்ஸ்காரர் துபாய், தோஹா என்று நோட்டீஸ் கொடுத்தார். எல்லா நோட்டீஸிலும் அதே நீலக் கடல், அதே வெள்ளைக் கப்பல், அதே சிரிக்கும் தம்பதி. எதை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. வீட்டம்மாவுக்கு வலது முழங்கால் தேய்மானம். நடப்பாள், படியில் மட்டும் நிதானம். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. குளிர் ஆகவே ஆகாது. ஏழு நாள், அதிகம் போனால் பத்து நாள். பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இடம் முடிவாகட்டும்.

உட்லண்ட்ஸ்_உமா | சிங்கப்பூர் | ஆகஸ்ட் 9, காலை 9:40

சார், உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி. சென்னையிலிருந்து நாலு மணி நேரச் சொச்சம், இங்கே இறங்கிவிடலாம். இங்கிருந்து பினாங்கு, லங்காவி, புக்கெட் போகும் கப்பல்கள் மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் வரை இருக்கின்றன. ஏறுபவர்களில் இந்தியர்கள் அதிகம், அதனால் சைவச் சாப்பாடு பற்றிக் கவலையே வேண்டாம். ஜைனர்களுக்கே தனியாகச் சமைத்துத் தருகிறார்கள்.

பினாங்கு ஒன்றே போதும் என்பேன். ஜார்ஜ் டவுனில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில். பூக்கடை, வடைக்கடை எல்லாம் வாசலிலேயே. தைப்பூசச் சமயத்தில் வந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதத்தையும் பார்க்கலாம். முழங்காலுக்கும் தொந்தரவில்லை, தரை சமம்.

தேரா_பாலா | துபாய் | ஆகஸ்ட் 9, மதியம் 1:15

வளைகுடா பற்றி யாரும் எழுதும் முன் நானே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பத்தொன்பது வருடமாக இருக்கிறேன், இரண்டு முறை போயிருக்கிறேன்.

ஜனவரியில் பகலில் 24 டிகிரி இருக்கும். நடப்பதற்கு அருமை. ராத்திரி 15-க்குப் பக்கத்தில் போய்விடும், அதுவும் கப்பல் மேல்தளத்தில் காற்று அடித்தால் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. "வெயில் தேடி வருகிறேன்" என்பவர்கள் ஏமாந்து போவது இங்கேதான். பாலைவனம் என்றால் எப்போதும் கொதிக்கும் என்று நினைத்து வருகிறார்கள்.

நல்லது என்றால் மஸ்கட். கப்பல் முத்ரா துறைமுகத்திலேயே நிற்கும். எதிரே கடற்கரைச் சாலை, அதை ஒட்டியே பழைய சந்தை. சாம்பிராணி வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் கடை வந்துவிடும். அதே ஓமானில் கசாப் என்ற ஊருக்குப் போனால் மொட்டை மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும். படகில் கம்பளம் விரித்து உட்கார வைத்து டால்பின் காட்டுவார்கள். தோஹாவிலும் பழைய துறைமுகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மற்றபடி துபாய், அபுதாபியைக் கப்பலில் வந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது சார்? விமானத்தில் வந்து நாலு நாள் இருந்து பார்க்கலாமே.

இன்னொன்று, செங்கடல் பிரச்சினை 2023 கடைசியில் ஆரம்பித்த பிறகு ஐரோப்பாவிலிருந்து கப்பலை இங்கே கொண்டுவருவதே பெரிய சுற்றாகிவிட்டது. சில நிறுவனங்கள் அறிவித்த பயணங்களையே ரத்து செய்தன. கல்யாண நாளுக்கு என்று தேதி குறித்துக்கொண்டு வருபவர்களுக்கு இது சரிப்படாது.

நடராஜா_சர்வீஸ் | மதுரை | ஆகஸ்ட் 9, மாலை 6:02

கப்பல் என்பது மிதக்கும் மால். 2024-ல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் 7,600 பேர் வரை ஏறலாமாம். எங்கள் ஊர் மாட்டுத்தாவணி கூட்டத்தைத் தண்ணீரில் விட்ட மாதிரி. எட்டு மணிக்கு இறங்கு, நாலு மணிக்கு ஏறு. பேசாமல் மொரீஷியஸ் போய் ஒரு வாரம் ஒரே இடத்தில் இருங்கள். காவடிக்கு அரசு விடுமுறை விடும் நாடு அது.

தேரா_பாலா | துபாய் | ஆகஸ்ட் 9, மாலை 6:30

நடராஜா, தை மாதம் மொரீஷியஸ் பக்கம் புயல் காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஜனவரி, பிப்ரவரிதான் உச்சம்.

நடராஜா_சர்வீஸ் | மதுரை | ஆகஸ்ட் 9, மாலை 6:41

சரி, அதை மறந்துவிட்டேன். மால் என்பதை வாபஸ் வாங்கமாட்டேன்.

ஸ்காபரோ_சேந்தன் | டொரோண்டோ | ஆகஸ்ட் 10, அதிகாலை 4:55

வணக்கம் ஐயா. இங்கே கனபேர் குளிருக்குத் தப்பி ஒவ்வொரு வருடமும் கரீபியன் போகிறவர்கள். நானும் மனைவியும் ஆறு முறை போய்விட்டோம். ஒரு விசயம் முதலில்: "கரீபியன்" என்று ஒரு இடம் இல்லை. குறைந்தது மூன்று இருக்கிறது. பிழையானதைப் பிடித்தால் நீங்கள் தேடும் வெயில் கிடைக்காது.

முதலாவது மயாமியில் ஏறி பஹாமாஸ் போவது. மூன்று, நாலு நாள், மலிவு. ஆனால் ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் பஹாமாஸ் தலைநகர் நசாவில் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் கடற்கரையில் நிற்க வேண்டும். எங்களுக்கு அப்படி நடந்தது. கப்பல் நீச்சல் குளத்தில் ஒரு குருவி இல்லை.

இரண்டாவது மேற்கு. கொசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா, பெலிஸ். சூடு பரவாயில்லை. ஆனால் கிராண்ட் கேமனில் கப்பலை ஒட்டி நிறுத்த மேடையே கிடையாது. பெலிஸிலும் பெரிய கப்பல்கள் வெகு தூரத்தில் நங்கூரம் போடும். சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அம்மாவின் முழங்காலை நினைத்துச் சொல்கிறேன்.

மூன்றாவது தெற்கும் கிழக்கும். செயின்ட் மார்ட்டன், அன்டிகுவா, செயின்ட் லூசியா, பார்படோஸ், இன்னும் கீழே குராசோ, அருபா. ஜனவரியில் பகல் 28, 29. கடல் நீரே 26-க்கு மேல். சூறாவளிக் காலம் ஜூன் முதல் நவம்பர் வரைதான், அது முடிந்திருக்கும். தீவுகள் கிட்டக் கிட்ட இருப்பதால் இரவில் ஓடி, காலையில் அடுத்த தீவில் நிற்கும். இதற்கு மயாமி போகாதீர்கள், அங்கிருந்து இந்தத் தீவுகளுக்கு வந்து சேரவே இரண்டு நாள் வெறும் கடல். புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஏறுங்கள். நியூ ஜெர்சியின் நியூவர்க்கிலிருந்து நேரடி விமானம், ஏறத்தாழ நாலு மணித்தியாலம். அது அமெரிக்கப் பிரதேசம் என்பதால் உள்நாட்டு விமானம் மாதிரித்தான்.

கடைசியாக ஒன்று, கேட்டால் சிரிப்பீர்கள். குவாதலூப்பில் எங்கள் கப்பல் நின்றது. மதியச் சாப்பாட்டுக் கடையில் பலகையில் "கொலம்போ" என்று எழுதியிருந்தது. என்ன என்று கேட்டால் மஞ்சளும் மல்லியும் வெந்தயமும் போட்ட கறி! 1854-லிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன எங்கள் சனத்தின் கைமணம். சாங்கி என்ற இடத்தில் கோபுரத்தோடு அம்மன் கோயில் இருக்கிறது. கோயிலில் நின்ற ஒரு வயதானவருக்குத் தமிழ் பேச வராது, பிரெஞ்சுதான். ஆனால் "மாரியம்மா" என்று கையெடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காசாளர்_63 | கும்பகோணம் | ஆகஸ்ட் 10, காலை 8:20

சேந்தன், படித்துக் காட்டினேன். குவாதலூப் போயே ஆக வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அமெரிக்க விசா போதுமா?

ஸ்காபரோ_சேந்தன் | டொரோண்டோ | ஆகஸ்ட் 10, மாலை 5:10

ஆசை காட்டிவிட்டேன், மன்னியுங்கள் ஐயா. நான் கனடா பாஸ்போர்ட், எனக்கு விசா தேவைப்படவில்லை. குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்ஸ் நாட்டின் பகுதிகள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பிரெஞ்சு விசா வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்கான சாதாரண ஷெங்கன் விசாவும் தானாகச் செல்லாது, அந்தத் தீவுகளுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தீவுகள் பயணத்தில் இருந்தால், விசா இல்லாதவரைக் கப்பலிலேயே ஏற்றாமல் விடலாம். ஆகவே அவை இல்லாத பயணத்தைப் பாருங்கள். பார்படோஸ், ஜமைக்காவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். மெக்சிகோவுக்கு அமெரிக்க விசா இருந்தால் போதும். மற்றத் தீவுகளுக்கு, பணம் கட்டும் முன்பே உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்று சொல்லிக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எடிசன்_மாமி | நியூ ஜெர்சி | ஆகஸ்ட் 11, காலை 6:30

படகு மாறுவது பற்றிச் சேந்தன் ஒரு வரியில் முடித்துவிட்டார். நான் பட்டதைச் சொல்கிறேன், அண்ணா.

கிராண்ட் கேமன். கப்பலின் அடித்தளத்தில் பக்கவாட்டில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். வெளியே நூறு பேர் உட்காரும் படகு. கப்பல் அசையவே இல்லை, படகு மட்டும் முழங்கால் உயரத்துக்கு மேலே வருகிறது, கீழே போகிறது. இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள். நான் கையை நீட்டினேன்; "கை வேண்டாம் அம்மா, என் முழங்கைக்குக் கீழே பிடியுங்கள்" என்றான் ஒருவன், கோவாக்காரன். உள்ளங்கை வியர்வையில் வழுக்குமாம். "இப்போ" என்று அவன் சொன்ன நொடியில் காலை எடுத்து வைத்தேன். எனக்குப் பின்னால் வந்த அம்மாள் "இப்போ"வுக்கு ஒரு நொடி யோசித்தார், படகு இறங்கிவிட்டது, திரும்ப அலை வரும்வரை ஒற்றைக்காலில் நின்றார். விழவில்லை. ஆனால் திரும்பி வரும்போது அதையே மறுபடி செய்ய வேண்டும் என்ற நினைப்பில் ஊரையே பார்க்கவில்லை நாங்கள், கரையில் ஐஸ்கிரீம் கடையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அலை அதிகமானால் அந்த ஊரையே விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும் என்பது வேறு. எனவே ஒவ்வொரு துறைமுகத்துக்கும் "மேடையா, படகா" என்று கேளுங்கள். நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தீவு என்று போடுகிறார்களே, அதிலும் சிலவற்றில் படகுதான்.

அப்புறம் ஜனவரியில் இங்கே பனிப்புயல் வரும். கப்பல் கிளம்பும் நாளன்று காலை விமானத்தில் போகிறேன் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேருங்கள். கப்பல் காத்திருக்காது.

உட்லண்ட்ஸ்_உமா | சிங்கப்பூர் | ஆகஸ்ட் 11, இரவு 9:05

நான் சிங்கப்பூருக்குக் கொடி பிடித்துவிட்டு, அதன் குறையைச் சொல்லாமல் இருந்தால் நியாயமில்லை.

குட்டிப் பயணம் என்றால் இங்கேதான் நல்லது. பத்து நாள், சிங்கப்பூரிலிருந்து தாய்லாந்து, வியட்நாம் வழியாக ஹாங்காங் என்று வந்தால் யோசியுங்கள். நோட்டீஸில் "பாங்காக்" என்று இருக்கும். கப்பல் நிற்பது லேம் சபாங்கில். அங்கிருந்து பாங்காக் பேருந்தில் இரண்டு மணி நேரம், நெரிசல் இருந்தால் மேலே. "ஹோ சி மின் நகரம்" என்றால் பெரிய கப்பல்கள் நிற்பது பெரும்பாலும் பூ மியில், அதுவும் கிட்டத்தட்ட அதே கதை. "கோலாலம்பூர்" என்பது கிள்ளான் துறைமுகம், ஒரு மணி நேரத்துக்கு மேல். போன வருடம் என் பெற்றோரை அழைத்துப் போனேன். ஒரு சுற்றுலாக்காரர் பாங்காக்கில் மூன்று இடம் காட்டுவதாகப் பணம் வாங்கினார். காட்டியது ஒரு கோயில், ஒரு நகைக்கடை. மற்ற நேரமெல்லாம் ஏசி பேருந்தில் முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா திரும்பியதும் "பாங்காக் நன்றாகத் தூங்கவைத்தது" என்றார்.

அப்புறம் தட்பவெப்பம். வியட்நாம் முழுக்க வெப்பம் என்று நினைக்காதீர்கள். ஹாலாங் விரிகுடா ஜனவரியில் மூடுபனியோடு 17, 18 டிகிரி. ஹாங்காங்கும் குளிர். வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல் குலுக்கி எடுக்கும். அந்தமான் கடல் பக்கம், அதாவது புக்கெட், லங்காவி, அந்த மாதத்தில் வறண்டு, அமைதியாக இருக்கும். ஆக, சிங்கப்பூர் என்றால் மேற்கே போகும் கப்பல், கிழக்கே வேண்டாம்.

காசாளர்_63 | கும்பகோணம் | ஆகஸ்ட் 12, காலை 10:45

இவ்வளவு நாள் "எந்தப் பிரதேசம்" என்று கேட்டது தப்பு என்று புரிகிறது. பேலன்ஸ் ஷீட்டில் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு அட்டவணையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட மாதிரி. நேற்று ராத்திரி பையனோடு வீடியோவில் உட்கார்ந்து சான் ஹுவான் கப்பல்களின் நாள்வாரி விவரத்தைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்று இப்படி: செயின்ட் தாமஸ், செயின்ட் கிட்ஸ், அன்டிகுவா, செயின்ட் லூசியா, பார்படோஸ், ஒரு நாள் கடல், மறுபடி சான் ஹுவான். ஐந்திலும் மேடை.

ஆனால் இரண்டு சந்தேகம். தினமும் ஒரு ஊர் என்றால் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா? கடலும் கடற்கரையும்தான் எல்லாத் தீவிலும் என்றால், நீச்சல் தெரியாத இரண்டு பேர் ஐந்து தீவில் என்ன செய்வது?

ஸ்காபரோ_சேந்தன் | டொரோண்டோ | ஆகஸ்ட் 12, மாலை 7:25

ஐயா, உங்களுக்குக் கிரிக்கெட் பிடிக்குமா?

காசாளர்_63 | கும்பகோணம் | ஆகஸ்ட் 12, இரவு 8:01

1976-ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராகப் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 403 அடித்தால் வெற்றி என்ற நிலையில் நாம் 406 அடித்தோமே, அந்த ஆட்டத்தைப் பற்றி மறுநாள் ரேடியோ செய்தியில் கேட்டுவிட்டுத் தெருவில் கத்திக்கொண்டு ஓடியவன் நான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கவாஸ்கர் 102, விஸ்வநாத் 112. கேள்வி எதற்கு?

ஸ்காபரோ_சேந்தன் | டொரோண்டோ | ஆகஸ்ட் 12, இரவு 8:30

அப்படியென்றால் கடற்கரையை விடுங்கள். பார்படோஸில் கப்பல் நிற்கும் துறைமுகத்துக்கும் பிரிட்ஜ்டவுனுக்கும் நடுவிலேதான் கென்சிங்டன் ஓவல். நடந்தால் இருபது நிமிடம், டாக்சி என்றால் ஏறி உட்காரும் முன் வந்துவிடும். 2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், தென்னாப்பிரிக்காவை இந்தியா 7 ஓட்டத்தில் வென்ற அதே மைதானம். எல்லைக் கோட்டில் சூர்யகுமார் பிடித்த கேட்ச் ஞாபகம் இருக்கும்.

அன்டிகுவாவில் கப்பல் செயின்ட் ஜான்ஸ் ஊருக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். இறங்கிக் கொஞ்சம் மேடேறி நடந்தால் பழைய ரிக்ரியேஷன் மைதானம். வெஸ்ட் இண்டீஸ் வீரர் லாரா 1994-ல் 375, 2004-ல் ஆட்டமிழக்காமல் 400 அடித்தது, இரண்டும் அந்த ஒரே இடத்தில். பெரிய சோடனை ஒன்றும் இல்லை, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் மாதிரி வடிவாக இருக்கும். நான் போனபோது சின்னப் பையன்கள் டென்னிஸ் பந்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன், மனைவி நேரத்தைக் காட்டித்தான் இழுத்து வந்தார்.

நடராஜா_சர்வீஸ் | மதுரை | ஆகஸ்ட் 12, இரவு 9:10

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மால் என்று எழுதியிருக்க மாட்டேன்.

காசாளர்_63 | கும்பகோணம் | ஆகஸ்ட் 13, காலை 6:15

ராத்திரி தூக்கமே வரவில்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். செயின்ட் லூசியா, ஆர்தர் லூயிஸ் பிறந்த ஊர்! 1979-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். விவசாயத்தில் தேங்கி நிற்கும் உபரி உழைப்பு தொழிலுக்குப் போவது பற்றிய அவருடைய கொள்கையை வங்கிப் பரீட்சைக்காக நெட்டுருப் போட்டிருக்கிறேன். அவர் முகம் கிழக்குக் கரீபியன் 100 டாலர் நோட்டில் இருக்கிறதாம். அந்த டாலரை 1976-லிருந்து அமெரிக்க டாலருக்கு 2.70 என்று அசையாமல் வைத்திருக்கிறார்கள். செயின்ட் கிட்ஸில்தான் அந்த நோட்டை வெளியிடும் மத்திய வங்கியின் தலைமையகம். நான் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன், யாரும் சிரிக்கக் கூடாது.

வீட்டம்மா கேட்கிறாள்: "நீங்கள் மைதானமும் பேங்க்கும் பார்ப்பீர்கள். நான்?"

எடிசன்_மாமி | நியூ ஜெர்சி | ஆகஸ்ட் 13, மாலை 5:50

நியாயமான கேள்வி! அண்ணியிடம் சொல்லுங்கள்: செயின்ட் லூசியாவில் பிட்டோன் என்று இரட்டை மலை, கடலிலிருந்து நட்டுவைத்த மாதிரி நேராக எழும்பி நிற்கும். பெரியது கிட்டத்தட்ட 800 மீட்டர். கார் வழி வளைவும் நெளிவுமாக ஒன்றரை மணி நேரம், வயிற்றைக் கலக்கும். அதற்குப் பதில் கட்டமரான் படகில் போனால் மலையைக் கடலிலிருந்தே பார்க்கலாம். அது கரை மேடையிலிருந்தே ஏறுவது, பயப்பட வேண்டாம். கட்டமரான் என்ற பேரே நம் கட்டுமரம்தான் என்று படகுக்காரரிடம் சொன்னேன். நம்பவில்லை அந்த மனுஷர்.

தினமும் இறங்க வேண்டும் என்று சட்டமில்லை. செயின்ட் தாமஸில் நான் இறங்கவேயில்லை. எல்லோரும் போன பிறகு காலியான கப்பலில் மேல்தளத்தில் காபியோடு உட்கார்ந்ததுதான் என் மொத்தப் பயணத்திலேயே நல்ல காலைப்பொழுது.

கடைசிப்பந்தி | தூத்துக்குடி | ஆகஸ்ட் 14, இரவு 10:20

இந்த இழையைச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் கப்பல் சமையலறையில் இருந்தவன், ஆறு சீசன் கரீபியன். சில விஷயங்கள்.

சாப்பாடு: "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டையும் சீஸும் வரும். சூப்பில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். பதிவு செய்யும்போதே "இந்தியன் வெஜிடேரியன், முட்டை கிடையாது" என்று எழுதவையுங்கள். அதோடு விடக் கூடாது. முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு ஹாலின் தலைமைப் பரிமாறுநரைப் பாருங்கள். பாதிப் பேர் நம் நாட்டுக்காரர்களாக இருப்பார்கள். மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று முந்தின ராத்திரியே சொன்னால் பருப்பு, சாதம், ஒரு கூட்டு எதிர்பார்க்கலாம். நல்ல மூடில் இருந்தால் எங்கள் ஆட்கள் தங்களுக்குச் செய்துகொள்ளும் சாம்பாரையும் ஒரு கிண்ணம் எடுத்து வருவார்கள். சிங்கப்பூர் கப்பல் மாதிரி இட்லி வரிசை இருக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள். காலை பஃபேயில் வெறும் தயிர் நிச்சயம் உண்டு.

அறை: நீளவாக்கில் நடுவில், கீழ்த் தளங்களில் ஒன்றில் எடுங்கள். தராசு மாதிரிதான் கப்பலும், நடு அசையாது, தட்டு ஆடும். ஜனவரியில் அந்தத் தீவுகளுக்கு இடையே கிழக்குக் காற்று கொஞ்சம் பலமாகவே அடிக்கும். உள்ளூர்க்காரர்கள் கிறிஸ்துமஸ் காற்று என்பார்கள். ராத்திரி கொஞ்சம் ஆட்டும், காலையில் துறைமுகத்தில் கட்டிவிட்டால் சரியாகிவிடும். மாத்திரையைத் தலை சுற்றிய பிறகு போடாதீர்கள், டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே போடுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் பார்படோஸில் மேற்குக் கரைக்குப் போங்கள், குளம் மாதிரி இருக்கும். கிழக்குக் கரையில் அட்லாண்டிக் நேராக வந்து மோதும், காலை நனைக்கக்கூட வேண்டாம்.

செலவு: நோட்டீஸ் விலைக்கு மேல் டிப்ஸ் என்று ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் ஏறும். அதை வெட்டச் சொல்லி வரிசையில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது அறை துடைப்பவன், தட்டுக் கழுவுபவன் வரை போகிற காசு. மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள், கப்பல் டாக்டர் முகத்தைப் பார்த்தாலே பில் வரும். அந்தக் காப்பீடு கப்பலுக்கும் தீவுகளுக்கும் செல்லுமா, முழங்கால் மாதிரிப் பழைய தொந்தரவுகள் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள்.

சான் ஹுவான் திரும்பியதும் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை மறுபடி உண்டு. உங்களுடையது பலமுறை நுழையும் விசாதானா என்று தாளை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கப்பலில் போய்வந்ததால் அமெரிக்காவில் தங்கப் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று நினைத்து இந்தியா டிக்கெட்டைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

காசாளர்_63 | கும்பகோணம் | ஆகஸ்ட் 17, காலை 11:30

பதிவு செய்தாகிவிட்டது. ஜனவரி கடைசி வாரம், சான் ஹுவான், ஏழு ராத்திரி. நடுவில், ஆறாவது தளம், பால்கனி. பால்கனி அதிகப்படி என்று நான் சொன்னேன். "உங்களுக்கு மைதானம், எனக்கு பால்கனி" என்று வழக்கு முடிந்தது. கப்பல் நிறுவனத்திடமிருந்து விசா பற்றி எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன், சேந்தன் சொன்னபடி. ஒரு நாள் முன்பே போய்ப் பழைய சான் ஹுவானில் தங்குகிறோம், மாமி சொன்னபடி. உமா, பினாங்கு தைப்பூசம் அடுத்த வருடக் கணக்கில் எழுதியாகிவிட்டது.

கடைசிப்பந்தி தம்பிக்கு ஒரு கேள்வி. வீட்டில் போட்ட வடுமாங்காய் கப்பலில் விடுவார்களா?

கடைசிப்பந்தி | தூத்துக்குடி | ஆகஸ்ட் 17, மாலை 4:15

வீட்டில் செய்ததை ஏறும்போதே எடுத்துவிடலாம் சார், நம்ப முடியாது. கடையில் வாங்கிய, சீல் உடைக்காத சின்ன பாட்டில் என்றால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் தீவுகளில் இறங்கும்போது சாப்பாட்டுப் பொருள் எதையும் கையில் எடுத்துப் போகாதீர்கள். திரும்பும்போது சான் ஹுவான் விமான நிலையத்தில் பழம், செடி இருக்கிறதா என்று பெட்டியை விவசாயத் துறை ஸ்கேன் செய்யும், மாம்பழ ஆசையும் வேண்டாம்.

காசாளர்_63 | கும்பகோணம் | ஆகஸ்ட் 17, மாலை 6:40

சொல்லிவிட்டேன். கடை ஊறுகாய் நாலு பாட்டில் வாங்கி வந்து இப்போதே பெட்டியில் வைத்துவிட்டாள். ஆகஸ்ட்தானே நடக்கிறது என்றால் முறைக்கிறாள்.

நடராஜா_சர்வீஸ் | மதுரை | ஆகஸ்ட் 17, இரவு 7:02

லாரா மைதானத்தில் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள் சார். பேங்க் வாசல் போட்டோ வேண்டாம்.